ஆயாவின் பந்தில் ஒரு சாக்பீஸ் கோடு

கேள்வி: என் ஆயா, அம்மாவைப் பெற்றவர், சென்ற ஆண்டு 84 வயதில் காலமானார். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியாத வீடு இல்லை. மாரியம்மன் கூழ், கோவில் அன்னதானம், ஆஸ்பத்திரியில் பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்குச் சாப்பாடு என்று ஓடிக்கொண்டே இருந்தவர். அடுத்த மாதம் முதலாண்டுத் திதி. குடும்பத்தின் சார்பில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஆயாவுக்கு உயிராக இருந்தவை இரண்டு: ஆட்டம், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் போல்ஸ். எந்த வீட்டு நலங்கிலும் முதலில் ஆட இறங்குபவர் அவர்தான். 54 வயதில் போல்ஸ் கற்றுக்கொண்டு, சாவதற்கு இரண்டு வாரம் முன்புவரை சனிக்கிழமைதோறும் வெள்ளை உடுப்புடன் புல்தரைக்குப் போனார். ‘கோவில் தொண்டை மட்டும் சொல். ஆட்டமும் பந்தும் சபையில் எதற்கு?’ என்கிறார் பெரிய மாமா. எழுத உட்கார்ந்தால் முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு அழுகை வருகிறது, தாள் அப்படியே இருக்கிறது. பெரியம்மா ஆயாவின் பந்துகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். பையைத் திறந்து பார்த்தேன். நான்கில் ஒரு பந்தில் வெள்ளையாகச் சாக்பீஸ் அப்பியிருந்தது. துடைக்கப் போனேன், கை வரவில்லை. ‘ஒரு சனிக்கிழமை வா, பந்து எப்படி வளைகிறது என்று காட்டுகிறேன்’ என்று ஆயா பலமுறை கூப்பிட்டார். நான் ஒருமுறைகூடப் போகவில்லை. நான் என்ன பேசுவது?
— ஆயாவின் பேத்தி, டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள பேத்திக்கு,

உங்கள் கடிதம் ஐந்து பக்கம், பாதி ஆங்கிலம், பாதி தமிழ். மேலே தந்திருப்பது அதன் சாரம். மற்றதைத் தேவைப்படும் இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். சாக்பீஸ் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை அந்தப் பந்தின் அருகே யாரும் துணியோடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெரியம்மா தூசி கண்டால் பொறுக்காதவர் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

22 ஆண்டுகளாகத் துயர் ஆலோசகராக வேலை செய்கிறேன். கருமாதி, மூன்றாம் மாதம், ஆண்டுத் திதி என்று நான் உட்கார்ந்து எழுந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் கணக்கில்லை. ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். அங்கே பேசப்படுவதில் முக்கால்வாசியை எந்தப் பாட்டிக்கும் பொருத்தலாம். ‘அன்பே உருவானவர், இல்லை என்று சொல்லாதவர், தெய்வபக்தி மிக்கவர், நான்கு பிள்ளைகளையும் பதினொரு பேரப்பிள்ளைகளையும் விட்டுச் சென்றிருக்கிறார்.’ ஒருமுறை ஒரு கூடத்தில் பேச வந்த பெரியவர் கைமறதியாக வேறொரு வீட்டுக்கு எழுதிய தாளை எடுத்து வந்துவிட்டார். பெயர் வரும் இடம்வரை இரண்டு நிமிடம் வாசித்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செத்தவரின் மகள்கூடத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் கப்பல் பதிவேட்டில் ஒரே ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். என் தாத்தாவின் அம்மாவைத் தேடி எடுத்தபோது எனக்குக் கிடைத்தது ‘இடது முழங்காலில் தழும்பு’. அந்தப் பெண்ணுக்குப் பாடத் தெரிந்ததா, கோபம் வருமா, யாரைப் பார்த்து எதற்காகச் சிரித்தாள், அதற்கெல்லாம் கட்டம் போடவில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றி இன்று மிஞ்சியிருப்பது அந்தத் தழும்பு ஒன்றுதான். எழுதியவன் யாரோ ஒரு குமாஸ்தா, அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் ஆயாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது நீங்கள். ‘கோவில் தொண்டர், வயது 84’ என்று நீங்களும் ஒரு வரியோடு நிறுத்தினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி பெரிய மாமா. அவரைப் பழைய காலத்து மனிதர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த, 1950-இல் வந்த குழுப்பகுதிச் சட்டம் 60-களில் குடும்பங்களை வேரோடு பிடுங்கிச் சாட்ஸ்வர்த்தில் நட்டபோது அவர் சின்னப் பையனாக இருந்திருப்பார். அந்தத் தலைமுறைக்கு மரியாதை என்பது கஷ்டப்பட்டுச் சேர்த்த சொத்து. ‘கூலி’ என்று கூப்பிட்டவர்களின் ஊரில் கழுத்துவரை பொத்தான் போட்டு நடந்துதான் அதைச் சேர்த்தார்கள். கூடத்தில் நூறு பேர் முன்னால் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர் பயம். நியாயமான பயம்தான்.

அதனால் அவரிடம் அனுமதி கேட்காதீர்கள். அனுமதி கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேலை இருக்காது. நினைவைக் கேளுங்கள். சாயங்காலம் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, ‘மாமா, ஆயா ஆடி நீங்கள் முதன்முதலில் பார்த்தது எப்போது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி. இப்படிக் கேட்கச் சொல்லி நான் அனுப்பிய ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு போன தன் சித்தப்பா பத்து நிமிடம் கழித்து ஒரு பழைய புகைப்படத்தோடு திரும்பி வந்தார் என்று சொன்னார். எல்லா மாமாவும் புகைப்படத்தோடு வருவார்கள் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் சொன்னது தன் கதையாக இருந்தால் அதைச் சபையில் சொல்லாதே என்று தடுக்க மனம் வராது.

ஆட்டம் சபைக்கு ஆகாது என்ற பேச்சு மறுபடி எழுந்தால், இரண்டு விஷயங்களை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இந்த ஊர்க் கோவில் முற்றங்களில் விடிய விடிய நடந்த தெருக்கூத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயரே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’. பெயரிலேயே ஆட்டம் இருக்கிறது. கோவிலுக்குள் இருந்ததைக் கோவில் தொண்டைப் பற்றிய பேச்சில் சொல்லக் கூடாதா? இரண்டாவது, ஆயாவின் மரண அறிவிப்பில் ‘சிவபதம் அடைந்தார்’ என்று அச்சடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிவனுக்கு ஆடவல்லான் என்று ஒரு பெயர் உண்டு. அவன் இடத்துக்குப் போன அம்மாளுக்கு ஆட்டம் தெரியும் என்று சொல்வதால் யாருக்கு என்ன குறை? (இதைக் கொஞ்சம் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். வாதமாகச் சொன்னால் மாமா திருமந்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.)

இன்னொன்றும் உங்கள் பக்கம் இருக்கிறது. இது கருமாதி இல்லை, ஆண்டு முடிகிற திதி. ஓராண்டாகத் தீபாவளிகூடக் கொண்டாடாமல் இருந்த வீடு அன்றைக்குத்தான் மறுபடி நல்ல காரியங்களுக்குத் திறக்கிறது. அடுத்த நலங்குக்கு உங்கள் வீட்டார் போவார்கள், அங்கே முதலில் ஆட இறங்க ஆள் இருக்காது. ஆட்டத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நாள் எது?

சரி, என்ன பேசுவது. உங்கள் ஐந்து பக்கத்தையும் பென்சிலோடு படித்தேன். முதல் இரண்டு பக்கத்தில் பெரும்பாலும் குணங்கள்: தாராளம், பொறுமை, பக்தி. அவற்றில் நான் எதையும் அடிக்கோடு இடவில்லை. நான்காம் பக்கத்தில், ஓரத்தில், நெருக்கி எழுதிய இரண்டு வரி இருக்கிறது: ‘2022 வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் லாரி வரிசையில் சண்டை வந்தபோது ஆயா வாளியை வைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கும்மி அடிக்க ஆரம்பித்துவிட்டார். லாரி வந்தது யாருக்கும் தெரியவில்லை.’

அம்மா, இதை எப்படி ஓரத்தில் எழுதினீர்கள்?

அந்த ஏப்ரல் எனக்கும் தெரியும். நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் செத்தார்கள். டர்பனில் பல பகுதிகளில் வாரக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் தூங்கியிருக்கவில்லை, சிலர் வீட்டையே இழந்திருந்தார்கள். அந்த மனநிலையில் ஒரு வாளி முன்னே நகர்ந்தால் போதும், கைகலப்பு. அங்கே 82 வயது அம்மாள் ஒருவர் உபதேசம் செய்யவில்லை, யாரையும் அதட்டவில்லை. கையைத் தட்டினார். கும்மிக்கு மேளம் வேண்டாம், மேடை வேண்டாம். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஓர் அடி பக்கவாட்டில். பக்கத்தில் நிற்பவர் தட்டினால்தான் உங்கள் தட்டுக்குத் தாளம் கிடைக்கும். வட்டத்தில் முதல் ஆள், கடைசி ஆள் கிடையாது. வரிசைக்காக அடித்துக்கொண்டவர்களை அவர் வட்டத்தில் நிறுத்தியிருக்கிறார். யோசித்துச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. கை அதுவாகவே போயிருக்கும்.

ஏன் போனது என்பதற்கு விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆயா 1940-இல் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு அது, தமிழரும் தெலுங்கரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். வீட்டுக்குள் குழாய் கிடையாது, பொதுக் குழாய்தான். ‘பாரக்ஸில் தண்ணீருக்கு நிற்கும்போது அக்காமார்களிடம் கும்மி கற்றேன்’ என்று ஆயா சொல்வார் என இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்துக் குழாயையும் நான்காம் பக்கத்து லாரியையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இடையில் 70 ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. வாளி அதே வாளி, தட்டு அதே தட்டு. மாமா கேட்கும் சமூகத் தொண்டும் நீங்கள் கேட்கும் ஆட்டமும் இங்கே ஒரே கையில் இருக்கின்றன. எதை விட்டு எதைச் சொல்வது என்ற சண்டைக்கே இடமில்லை.

ஆகவே பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். ‘என் ஆயா ஒரு சிறந்த பெண்மணி’ என்ற தொடக்கம் வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

‘2022 ஏப்ரல். வெள்ளம் வடிந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்காக வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் என் ஆயா, 82 வயது, கையில் இரண்டு வாளி. யாரோ யாரையோ தள்ளினார்கள். சத்தம் கிளம்பியது. ஆயா வாளியைக் கீழே வைத்தார்.’

இங்கே நிறுத்தி மூச்சு விடுங்கள். முடிந்தால் நீங்களே இரண்டு முறை கைதட்டுங்கள். கும்மித் தாளம் தெரிந்த பாட்டிமார்கள் கூடத்தில் இருந்தால் மூன்றாவது தட்டு அவர்களிடமிருந்து வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, தொடருங்கள். அங்கிருந்து பின்னால் பாரக்ஸ் குழாய்க்குப் போங்கள். பிறகு தையல் தொழிற்சாலையில் மதிய இடைவேளையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே ஆயா தோழிகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்தது, மேற்பார்வையாளர் அம்மாள் வந்ததும் எல்லோரும் நூல் தேடுவதுபோல் குனிந்தது. அது நல்ல இடம், சபை சிரிக்கும், மாமாவும் சிரிப்பார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு வரும்போது ‘எத்தனையோ பேருக்கு உதவினார்’ என்று சொல்லாதீர்கள். நீலமூடிப் பாத்திரத்தைச் சொல்லுங்கள். சுகர் பீன்ஸ் கறியும் சோறும் போட்டு அனுப்பிய அந்தப் பாத்திரம் மூடியில்லாமல் திரும்பி வந்தால், மூடி எங்கே என்று தேடிக்கொண்டு வார்டுக்கே போய், போன இடத்தில் இன்னொரு நோயாளிக்குச் சாப்பாடு தேவை என்று கண்டுபிடித்துவிட்டு வருவார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அவர்.

ஐந்து நிமிடம் என்பது எழுதினால் சில நூறு சொல்தான். மூன்று காட்சிக்கு மேல் தாங்காது. பிறந்த ஊர், மணந்த ஆண்டு, பிள்ளைகள் பெயர் எல்லாம் அச்சிட்ட தாளில் இருக்கும், அவற்றைப் படிக்காதீர்கள்.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சபையில் இளையவர்கள் பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது என்பது நம் ஊர் நிலைமை, அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். ஆங்கிலத்திலேயே பேசுங்கள். ஆயா சொன்ன வாக்கியங்களை மட்டும் அவர் சொன்ன தமிழிலேயே வையுங்கள், உடனே மொழிபெயர்க்காதீர்கள். ‘ஒரு சனிக்கிழமை வா’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் அது வேறு யாரோ கூப்பிட்டது போல இருக்கும்.

சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வருகிறதே, மூளை கலங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் இருவரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில் துயரத்தை ஓர் ஊசலாட்டமாக விளக்கினார்கள். மனம் ஒருபுறம் இழப்பைப் பார்க்கிறது, மறுபுறம் அன்றாட வாழ்வைத் திரும்பக் கட்டப் பார்க்கிறது, இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வருகிறது. ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் எங்களைப் போன்றவர்கள் கவலைப்படுவோம். உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் வருவது ஊசல் நன்றாக ஆடுகிறது என்பதற்கு அடையாளம். பேசும்போது அழுகை வந்தால் தாளைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே அவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும், அவ்வளவுதான்.

போல்ஸுக்கு வருகிறேன். என் கணவர் எட்டு ஆண்டாக அதை விளையாடுகிறார். சாப்பாட்டு மேசையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. எனவே இந்த விஷயத்தில் நான் விரும்பாமலே படித்தவள்.

முதலில் ஒரு சின்னச் சரித்திரம், மாமாவுக்காக. பொதுவசதிகளை நிறவாரியாகப் பிரித்த சட்டம் 1953-இல் வந்தது. பூங்கா, கடற்கரை, பெஞ்சு, விளையாட்டுத் திடல் எல்லாம் அதில் சிக்கின. 1990-இல்தான் அது நீக்கப்பட்டது. தொழிற்சாலைக்குப் போகும் பஸ் ஜன்னலிலிருந்து பச்சைப் புல்லில் வெள்ளை உடையில் பெண்கள் குனிந்து நிமிர்வதை ஆண்டுக்கணக்கில் பார்த்ததாக ஆயா சொல்வாராம். குனிந்து நிமிர்வது கும்மிபோல இருக்கிறது என்று தோழியிடம் சொல்லிச் சிரிப்பாராம். 1994-இல், எல்லா இனத்தவரும் சேர்ந்து முதன்முதலாக ஓட்டுப் போட்ட ஆண்டிலேயே, அந்த வேலிக்குள் போனார். கோவில் தொண்டைப் பெருமையாகச் சொல்ல விரும்பும் மாமாவிடம் இதையும் சொல்லுங்கள். 54 வயதில், ஒருவரையும் தெரியாத இடத்துக்கு, வெள்ளை உடுப்பைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு போக எவ்வளவு துணிச்சல் வேண்டும். இதைச் சபையில் சொல்லக் கூச்சப்பட வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பந்து நேராகப் போகாது. அது முழு உருண்டையே இல்லை. ஒரு பக்கம் சற்றே வேறு வடிவில் செதுக்கியிருப்பார்கள். வேகமாகப் போகும்போது ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும், வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும். அதைப் ‘பயாஸ்’ என்பார்கள். ஒரு பக்கத்தில் பெரிய வளையமும் மறுபக்கத்தில் சின்ன வளையமும் பொறித்திருக்கும், சின்ன வளையம் இருக்கும் பக்கம்தான் வளையும். தூரத்தில் நிற்கும் சின்னப் பந்துக்கு ‘ஜாக்’ என்று பெயர். அதற்கு நேராகக் குறிவைத்தால் தவறிவிடும், விலகிக் குறிவைத்தால் போய்ச் சேரும். கையில் திருப்பிப் பிடித்துவிட்டால் பந்து எதிர்ப்பக்கம் வளைந்து பக்கத்து ஆட்டக்காரர்கள் நடுவில் போய் நிற்கும். முதல் நாள் ஆயாவுக்கு அதுதான் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பந்தைத் திரும்ப எடுக்கப் போனவர் அந்த நாலு பேரையும் தீபாவளிப் பலகாரத்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தார். தயவு செய்து இதை மூன்றாவது காட்சியாக வையுங்கள்.

பந்துகளைக் கொடுப்பதா என்ற கேள்வி. திதிக்கு முன்னால் எதையும் கொடுக்காதீர்கள், பெரியம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கை அளவுக்கு ஏற்றபடி பல அளவுகளில் பந்து வரும், உங்கள் ஆயாவுடையது சின்னக் கைக்கானது. புதிதாக வரும் பெண்களுக்கு அப்படிப்பட்டவை கிடைப்பது எளிதில்லை என்பார் என் கணவர். நான்கும் ஒரே வார்ப்பு, ஒரே வளைவு. ஆளுக்கு ஒன்று என்று நான்கு பிள்ளைகளும் பிரித்து அலமாரியில் வைத்தால் நான்கும் காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லாகிவிடும். அதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஆனால் மூவர் அணி ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று பந்துதான். ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மூன்றைக் கொடுத்தாலும் அவை தொடர்ந்து உருளும். எந்த ஒன்றை வைத்துக்கொள்வது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

போகாத சனிக்கிழமைகளைப் பற்றி. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, ஆயா தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்’ என்று உங்களிடம் ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள், அதில் ஆறுதல் கிடைத்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். கூப்பிட்டார், நீங்கள் போகவில்லை, அவர் கொஞ்சம் ஏமாந்திருப்பார். இது உண்மை, உண்மையாகவே இருக்கட்டும். மேடையில் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் சபை உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடும், ஆயா ஓரமாகப் போய்விடுவார். இதற்கு வேறு இடம் இருக்கிறது.

சாக்பீஸ். இது என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, புல்தரையில் கோடு போட்டதன் கறையாக இருக்கலாம் என்று பெரியம்மா நினைக்கிறார் என எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை என் கணவரிடம் காட்டவில்லை, அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

உருட்டிய பந்து ஓடும்போதே ஜாக்கைத் தொட்டுவிட்டால், அங்கே அந்தப் பக்கம் நிற்கும் ஆட்டக்காரர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்தப் பந்தில் அடையாளம் போடுவார். அடையாளம் போட்ட பந்துக்குத் தனிச் சலுகை உண்டு. மற்றப் பந்துகள் புல்தரை ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தால் ஆட்டத்தை விட்டுப் போயின என்று கணக்கு. சாக்பீஸ் பட்ட பந்து பள்ளத்தில் விழுந்தாலும் ஆட்டத்தில் இருக்கிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றில் அதை மறுபடி உருட்டுவதற்கு முன் அந்த அடையாளத்தைத் துடைத்துவிட வேண்டும் என்பது விதி. உங்கள் ஆயாவின் பந்தில் அது துடைக்கப்படவில்லை. அப்படியென்றால் அதற்குப் பிறகு அந்தப் பந்து உருளவில்லை. அந்தக் கடைசிச் சனிக்கிழமை, அந்தப் பந்தை அவர் கடைசியாக உருட்டியபோது, அது வளைந்து போய் ஜாக்கைத் தொட்டிருக்கிறது.

ஆயா மறுமுனையில், பந்து உருட்டுபவர் நிற்கும் பாயில் நின்றிருப்பார். சாக்பீஸ் போட்டது வேறொருவர் கை. அணியில் ஒருவர், அல்லது எதிரணியில் ஒருவர், குனிந்து அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார். ஆயா அப்போது என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியும். கைதட்டினாரா, ஓர் அடி ஆடிக் காட்டினாரா, ‘பார்த்தாயா’ என்றாரா, ஒன்றும் சொல்லாமல் புடவை இல்லாத இடத்தில் முந்தானையைத் தேடினாரா. அந்த ஆளை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பேச்சின் கடைசி வரி அவரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

சனிக்கிழமை போல்ஸ் பிற்பகல் ஒன்றரைக்குத் தொடங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பையை அப்படியே தூக்கிக்கொண்டு, ஒன்றே காலுக்குப் போய்விடுங்கள். கொஞ்சம் பலகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடி தட்டையான காலணி போட்டுக்கொண்டு போங்கள். குதிகால் இருந்தால் புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள்.